வண்ணத்துப்பூச்சிக்கு எந்த ஊர்?

வெளியூரில் வாழும் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது, பெயரைக் கேட்பதற்கு முன்பே, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுக்கொள்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஊரைச் சொன்ன அளவிலேயே ஆறும் வயலும், பேச்சும் பண்டமும், உறவின் முறையும் ஓரளவு விளங்கிவிடுகின்றன. இந்தக் கேள்வியை வண்ணத்துப்பூச்சியைக் குறித்துக் கேட்க மனிதன் எப்போது கற்றுக்கொண்டான், அதற்கு விடை எவ்வாறு கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு என்னை இழுத்துவிட்டது ஒரு கறிவேப்பிலைச் செடி. கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்கள் வீட்டு மாடி முகப்பிலும் தொட்டி ஒன்றில் அது வளர்ந்து வருகின்றது. சென்ற மழைக்காலத்தில் அதன் கொழுந்திலைகள் யாரோ கத்தரித்தாற்போலக் காணப்பட்டன. உற்று நோக்கினால், பறவை எச்சம் போன்ற தோற்றத்தோடு ஒரு சிறு புழு. என் துணைவியார் அதனை எடுத்தெறியப் போனார்; பள்ளியில் படிக்கும் எங்கள் பேத்தி தடுத்துவிட்டாள். சில நாட்களில் புழு பச்சை நிறம் பெற்றது. தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி, மூக்கைச் சுளிக்கவைக்கும் மணத்தைப் பரப்பிற்று. பின்னர்க் கூட்டுப்புழுவாயிற்று. ஒருநாள் காலை, கரிய சிறகுகளில் வெண்புள்ளி வரிசை விளங்க வெளிவந்து, தெருவைக் கடந்து பறந்துபோயிற்று.

"தாத்தா, இது நம் ஊர்ப் பூச்சியா, இந்த ஊர்ப் பூச்சியா?" என்று பேத்தி கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இக்காலத் தமிழ் ஆர்வலர்கள் அதனைக் 'கறிவேப்பிலை அழகி' என வழங்குகின்றனர் என்பதையும், அதன் வரலாறு தரங்கம்பாடி வழியாகவும் இக்கொல்கத்தா வழியாகவும் செல்கின்றது என்பதையும் பின்னரே அறிந்தேன்.

பெயர் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை

1758-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ், உயிர்களை வகைப்படுத்தும் தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்கு ஒவ்வொன்றிற்கும் இரண்டு சொற்களாலான பெயரிடும் வழக்கம் அந்நூலோடு நிலைபெற்றது. உலகத்து வண்ணத்துப்பூச்சிகள் என அவர் அதில் குறித்தவை ஏறத்தாழ 190. பெரிய சிறகுடையவற்றிற்கு அவர் கிரேக்கக் காவியத்து ட்ராய் நகரப் போர்வீரரின் பெயர்களைச் சூட்டினார். கருஞ்சிறகும் குருதிச் சிவப்பு உடலும் கொண்டு நம் தென்னாட்டுத் தோட்டங்களில் பறக்கும் சிவப்புடல் அழகிக்கு வீரன் ஹெக்டரின் பெயர் கிடைத்தது. கறிவேப்பிலை அழகிக்கு, ட்ராய் மன்னன் பிரயமின் மற்றொரு மைந்தனான பொலிட்டீஸின் பெயர் அமைந்தது.

பெயர்கள் அழகியவை. ஆயின் ஊர்? பல பூச்சிகளுக்கு நேரே அவர் எழுதியது 'இண்டீஸ்' என்னும் ஒரே சொல். அந்நாளில் அச்சொல் நம் நாட்டையும் குறிக்கும். அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள மேற்கிந்தியத் தீவுகளையும் குறிக்கும். அப்பூச்சிகள் மாலுமிகளும் வணிகரும் கைமாற்றிக் கைமாற்றி ஐரோப்பியச் செல்வரின் பேழைகளுக்குக் கொணர்ந்தவை. எந்தக் காட்டில், எந்தச் செடியருகே பிடிபட்டன என்பது பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. கறிவேப்பிலை அழகியின் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடுதலால், லின்னேயஸ் அவற்றை இரு வேறு இனங்கள் எனக் கருதி இரண்டு பெயர்கள் இட்டுவிட்டார். உயிரோடு பறக்கும் இடத்தில் அவற்றைப் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

பூச்சி வாழும் மண்ணிலேயே நின்று பார்த்து எழுதிய தொடக்கக் கால ஆராய்ச்சியாளருள் ஒருவர், லின்னேயஸின் மாணவரான யோகான் கெரார்ட் கோனிக். 1768-இல் இவர் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கும்பெனியிடமும் பணியாற்றி, செடிகளையும் பூச்சிகளையும் திரட்டிக்கொண்டே அலைந்து, 1785-இல் இந்தியாவிலேயே உயிர் நீத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து அவர் அனுப்பிய பூச்சிகளை, லின்னேயஸின் மற்றொரு மாணவரான யோகான் கிறிஸ்தியன் பேப்ரிசியஸ் பெயரிட்டு நூலிலேற்றினார். தமிழ் அகராதி செய்த பாதிரியார் பேப்ரிசியஸ் வேறு, இவர் வேறு. தமிழ்நாட்டரசு 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவ'னுக்கு 1787-இல் அறிவியற்பெயர் இட்டவர் இவரே.

கோனிக்கிற்கு அவர் ஆசிரியர் செய்த சிறப்பு ஒன்றுண்டு. 1771-இல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்கு அறிவியற்பெயர் வைத்தபோது, அதில் 'கோனிகீ' என்ற சொல்லைச் சேர்த்தார். தரங்கம்பாடி மருத்துவரின் பெயரை நம் வீட்டுத் தாளிதத்தில் கிடக்கும் இலை இன்றளவும் சுமந்துகொண்டிருக்கின்றது.

அமேசான் தந்த பாடம்

ஊர் இன்றியமையாதது என்பதை உலகம் உணர மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. உணர்த்தியவர்கள் இங்கிலாந்தின் இரண்டு எளிய இளைஞர்கள். ஹென்றி வால்ட்டர் பேட்ஸ், காலுறை வணிகரிடம் வேலை பழகியவர். ஆல்பிரட் ரசல் வாலஸ், நில அளவைத் தொழில் செய்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இருவருக்கும் இல்லை. 1848-இல் இருவரும் கப்பலேறித் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்று முகத்திலுள்ள பாரா நகரில் இறங்கினர். அரிய பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து அனுப்பி, அவை விற்ற பணத்தில் வாழ்வதென்பது அவர்தம் திட்டம்.

அங்கே அவர்கள் கண்டது எண்ணிக்கைக்கு அடங்காத வளம். பாரா நகரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தொலைவிற்குள் ஏறத்தாழ 700 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன என்று பேட்ஸ் கணக்கிட்டார். அவர் காலக் கணக்கின்படி பிரிட்டன் முழுவதிலும் இருந்தவை 66. ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் 321. ஒரு கண்டத்தின் செல்வத்தைப் போல் இரு மடங்கிற்கு மேற்பட்டது ஒரு நகரின் புறத்தோட்டங்களிலும் காட்டு வழிகளிலும் பறந்துகொண்டிருந்தது! வண்ணத்துப்பூச்சிகள் உலகெங்கும் ஒரே அளவாகப் பரவியிருக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

பேட்ஸ் அங்கே பதினோராண்டுகள் தங்கினார். அவர் கண்டறிந்தவற்றுள் தலைசிறந்தது, ஒரு பூச்சி மற்றொன்றின் கோலத்தைப் புனைந்துகொள்ளும் மருமம். சுவையற்ற, நச்சுத்தன்மையுடைய பூச்சிகளைப் பறவைகள் உண்ணாமல் ஒதுக்குகின்றன. நஞ்சில்லாத வேறு பூச்சிகள் அவற்றின் நிறமும் வடிவும் கொண்டு விளங்குவதால் தாமும் தப்புகின்றன. ஊர்தோறும் நச்சுப்பூச்சியின் நிறம் மாறினால், அதன் போலியின் நிறமும் கூடவே மாறுவதை அவர் கண்டு 1861-இல் இலண்டன் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். பிடித்த இடத்தைக் குறித்து வைத்திராவிடில் இவ்வுண்மை புலப்பட்டிராது.

வாலஸின் வழி துயர் மிக்கது. நான்காண்டு உழைப்பிற்குப் பின் 1852-இல் அவர் தாயகம் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. கூடவே கொண்டுவந்த தொகுப்பும் குறிப்பேடுகளுள் பெரும்பாலானவையும் கண்ணெதிரே எரிந்தன. பத்து நாட்கள் திறந்த படகில் தவித்த பின்னரே மற்றொரு கப்பல் அவரை மீட்டது. ஊர் சேர்ந்த சில மாதங்களில் அவர் அறிஞர் அவையில் ஒரு கட்டுரை படித்தார். அமேசான் குரங்குகளைப் பற்றிய அக்கட்டுரையில், பெரிய ஆறுகளே பல இனங்களுக்கு எல்லையாக அமைகின்றன என்றும், அருங்காட்சியகங்களிலோ 'பிரேசில்', 'தென்னமெரிக்கா' என்று மட்டும் எழுதிவைத்திருத்தலால் எந்தக் கரைக்குரியது என்று அறிய வழியில்லை என்றும் குறைகூறினார். எல்லாவற்றையும் இழந்து வந்தவர் கேட்டது, பூச்சியோடும் பறவையோடும் ஓர் ஊர்ச்சீட்டு இருக்கவேண்டும் என்பதே. அந்தச் சிறு சீட்டிலிருந்துதான் உயிர்களின் புவியியல் பிறந்தது என்று கூறின் மிகையாகாது.

பதினைந்து மைல் கடல்

மனம் தளராத வாலஸ் 1854-இல் மீண்டும் புறப்பட்டார். இம்முறை சென்ற இடம் மலேயாத் தீவுக்கூட்டம். எட்டாண்டுகள் தீவு தீவாகச் சுற்றி அவர் திரட்டியவை 1,25,660 உயிர்ப்பொருள்கள். அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்து 13,100. இவ்வளவும் ஒருவர் உழைப்பன்று. சரவாக்கில் வந்து சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் ஆண்டுக்கணக்காக அவருடன் நடந்து, படகு வலித்து, வேட்டையாடி, நோயிற் பணிவிடையும் செய்தார்.

1856-இல் பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவிற்கு வாலஸ் கடந்தார். இடையிலுள்ள நீரிணை ஏறத்தாழ 15 மைல் அகலமே. ஆயினும் மேற்கே ஆசியக் கண்டத்துப் பறவைகளும் கிழக்கே ஆஸ்திரேலியச் சார்புடைய பறவைகளும் வாழக் கண்டு வியந்தார். பின்னாளில் அவ்வெல்லைக்கு 'வாலஸ் கோடு' என்றே பெயர் வழங்கலாயிற்று. சிறகுள்ள பூச்சிகள் அக்கோட்டைப் பறவைகளைப்போல் கண்டிப்பாக மதிப்பதில்லை என்பதையும் அவரே குறித்திருக்கின்றார். எனினும் பெருஞ்சிறகு வண்ணத்துப்பூச்சிகளிடம் அத்தகைய ஒரு பிரிவினையைக் காணலாம். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் பொன்னழகி அடங்கிய குலம் இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரவியுள்ளது. அதன் உறவான பச்சையும் நீலமும் பொன்னும் மின்னும் மற்றொரு குலமோ மொலுக்கஸ் தீவுகளுக்கு மேற்கே காணப்படுவதில்லை.

அக்கீழைக் குலத்துப் பூச்சியொன்றைப் பச்சான் தீவில் வாலஸ் பிடித்த கதை புகழ்பெற்றது. முதல் நாள் காட்டில் கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டாமல் போயிற்று. பின் சில திங்கள் கழித்து, 1859-இல், வலையில் அகப்பட்டது. அதன் பொன்னிறச் சிறகைத் திறந்தபோது நெஞ்சு படபடத்து, மயக்கம் வரும் நிலைக்கு ஆளானதாகவும், அன்று முழுவதும் தலைவலி தீரவில்லை என்றும் அவர் எழுதியிருக்கின்றார். காடு காடாய் அலைந்து காய்ச்சலில் மெலிந்த மனிதர் ஒரு பூச்சிக்காக மயங்கினார் என்றால், அறிவின் வேட்கை எத்தகையது!

நம் கறிவேப்பிலை அழகியின் குழப்பத்தை விளக்கியவரும் வாலஸே. 1865-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், அதன் பெண் மூன்று கோலங்களில் பிறக்கின்றது என்று அவர் காட்டினார். ஒன்று ஆணைப் போன்றது. ஒன்று ரோசா அழகி என்னும் பூச்சியைப் போன்றது. மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போன்றது. பின்னிரண்டின் புழுக்களும் ஆடுதின்னாப்பாளை முதலிய நச்சுக்கொடிகளைத் தின்று வளர்வன. ஆடும் தொடாத இலையின் நஞ்சு அவற்றின் உடலில் தங்குவதால் பறவைகள் அஞ்சும். கறிவேப்பிலை அழகிக்கு அந்நஞ்சு இல்லை. வேடம் மட்டும் உண்டு. இதில் வியப்பு யாதெனின், சிவப்புடல் அழகி வாழ்வது சிறப்பாக இந்தியாவிலும் இலங்கையிலும். அதன் வேடமிட்ட பெண்ணும் அவ்விடங்களில்தான் காணப்படுகின்றது. அசல் இல்லாத ஊரில் போலிக்கு மதிப்பில்லை. இவ்வேடத்தை ஆள்வது ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் ஒரே மரபணு என்பதை, பெங்களூரில் ஆராய்ச்சி நடத்தும் கிருஷ்ணமேக் குண்டேயும் அவர் கூட்டாளிகளும் 2014-இல் நிறுவினர்.

கல்கத்தா எழுத்தர்

இந்தியாவின் வண்ணத்துப்பூச்சிக் கணக்கு முறையாகத் தொடங்கியது நாம் வாழும் இம்மாநகரில் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 1870-இல் இங்கிலாந்திலிருந்து பிழைப்பிற்காகக் கல்கத்தா வந்த லயனல் டி நிஸ்வில் என்னும் இளைஞர், அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். பகலெல்லாம் கோப்புகள், ஓய்வு நேரமெல்லாம் வண்ணத்துப்பூச்சிகள். ஜி. எஃப். எல். மார்ஷலுடன் கூடித் தொடங்கி, பின் தனித்து நின்று, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய மூன்று தொகுதிகளை 1882 முதல் 1890 வரை இந்நகரிலிருந்தே வெளியிட்டார். சிக்கிம் மலைகளில் மட்டும் 600-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்பது அவர் காலத்தில் தெளிவாயிற்று. அம்மலைகளில் பூச்சி பிடித்துத் தந்தவர்கள் லெப்சா மக்கள். எந்தப் பூச்சி எந்தச் சரிவில் எப்போது வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்; எனினும் அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. டி நிஸ்வில் 1901-இல் மலேரியாக் காய்ச்சலால் இந்நகரிலேயே மறைந்தார். அலுவலகத்தில் உழைத்துவிட்டு மாலையில் சங்கப்பணி ஆற்றும் நம் அன்பர்கள் அவரை ஓர் உறவினராகவே எண்ணலாம்.

அவருக்குப் பின் பலர் உழைத்தனர். 1916-இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் அளவைத் துறை நிறுவப்பட்டது. 1957-இல் பள்ளித் தலைமையாசிரியர் விண்ட்டர்-பிளித் எழுதிய இந்திய வண்ணத்துப்பூச்சி நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. இன்று இந்தியாவில் அறியப்பட்டவை 1,300-க்கு மேல். இவற்றுள் பெரும்பங்கு கிழக்கிமயத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் உள்ளது. மேற்குத்தொடர்ச்சி மலையில் 330-க்கு மேற்பட்டவையும், கடல் கடந்த இலங்கையில் ஏறத்தாழ 245-உம் உள. நீலகிரியில் மட்டும் ஏறத்தாழ 300 இனங்களை டென்மார்க்கு அறிஞர் லார்சன் 1980-களில் பட்டியலிட்டார்.

இப்படத்தில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. வெண்காகிதத்தில் மைப்புள்ளி தெளித்தாற்போன்ற பெரிய சிறகுகளோடு மெல்ல மிதக்கும் ஒரு பூச்சிக்குலம் மலபார்க் காடுகளில் வாழ்கின்றது. அதன் நெருங்கிய உறவினர் அசாம், பர்மாப் பகுதிகளிலும், இலங்கையிலும் உள்ளனர். இடைப்பட்ட வறண்ட தக்காணத்தில் ஒருவரும் இல்லை. முற்காலத்து ஈரக்காடுகள் சுருங்கியதால் குடும்பம் பிரிந்தது என்பர் அறிஞர். தெற்கே, நாணல் போன்ற ஒருவகை மூங்கிலையே உணவாகக் கொண்ட திருவிதாங்கூர்ப் பூச்சியொன்று, உலகில் வேறெங்கும் உறவில்லாத தனிக்குலமாக மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

உலகப் படம்

லின்னேயஸின் 190 இன்று 18,000-ஐக் கடந்துவிட்டது. அவை பரவியுள்ள முறையைச் சுருங்கக் காண்போம். வளம் மிகுந்தது தென்னமெரிக்கா. கொலம்பியா என்னும் ஒரு நாட்டில் மட்டும் 3,642 இனங்கள் என 2021-இல் வெளியான பட்டியல் கூறுகின்றது. உலகத்து இனங்களுள் ஐந்தில் ஒரு பங்கு இது. ஐரோப்பாவில் 500-க்கும் குறைவு, பிரிட்டனில் 59. பசிபிக் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் சொந்தமானவை இரண்டே இரண்டு. ஐஸ்லாந்தில் நிலையாக வாழ்வது எதுவுமில்லை. தென்துருவக் கண்டத்தில் அறவே இல்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? வெப்பமும் மழையும் ஒரு பங்கு. மலைகள் எழுந்து பள்ளத்தாக்குகளைப் பிரித்தமை ஒரு பங்கு. இவற்றினும் நெருங்கிய காரணம் புழுவின் வாய். வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் பருகும். அதன் புழுவோ தனக்கென அமைந்த சில இலைகளைத் தவிர வேறொன்றையும் தின்னாது. ஆகவே சிறகு எவ்வளவு வலியதாயினும் ஊர் எது என்பதை முடிவுசெய்வது இலையே. உலகிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாந்திரா அரசிப் பூச்சியின் பெண்ணுக்குச் சிறககலம் கால் மீட்டருக்கு மேல். 1906-இல் அதனை முதலில் கைப்பற்றிய ஆல்பர்ட் மீக் துப்பாக்கியால் சுட்டே வீழ்த்தினார். அத்துணைப் பெரிய சிறகிருந்தும், ஒருவகைக் காட்டுக்கொடியை நம்பி, பாப்புவா நியூகினியின் ஒரு மாகாணத்திற்குள்ளேயே அது அடங்கிக் கிடக்கின்றது.

இப்பூச்சிகளின் மூதாதையர் எங்கே தோன்றினர் என்பதற்கும் அண்மையில் விடை கிடைத்துள்ளது. ஏறத்தாழ 2,300 இனங்களின் 391 மரபணுக்களை ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வட, நடு அமெரிக்கப் பகுதியில், அந்துப்பூச்சிக் குலத்தின் ஒரு கிளை பகலில் பறக்கத் தொடங்கியது. அவரைக் குடும்பத்துச் செடிகளே அவற்றின் முதல் உணவு. அங்கிருந்து ஆசியாவிற்கும், பிறகு தனித்தீவாய் மிதந்துகொண்டிருந்த நம் இந்தியாவிற்கும் அவை பரவின. ஆக, எல்லா வண்ணத்துப்பூச்சிகளும் ஒரு காலத்தில் குடிபெயர்ந்தவையே!

இன்றும் குடிபெயர்வு நிற்கவில்லை. நம் கிழக்குச் சமவெளிக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இடையே பருவமழையை ஒட்டி நீல வரியன்கள் கூட்டம் கூட்டமாய்ச் செல்வதைப் பலர் கண்டிருப்பர். 2013-இல் தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாக் கடற்கரையில், அக்கண்டத்தில் வாழாத இனப் பூச்சிகள் சில களைத்துக் கிடந்தன. அவை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 4,200 கிலோமீட்டர் கடலைக் காற்றின் துணையால் கடந்தவை என்று 2024-இல் மெய்ப்பிக்கப்பட்டது. வட அமெரிக்காவின் 'மன்னர்' பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன என்று அறிய, கனடா நாட்டு அறிஞர் எர்க்கார்ட் பல்லாண்டுகள் அவற்றின் சிறகில் சிறு காகிதச் சீட்டுகள் ஒட்டிவந்தார். 1975-இல் மெக்சிகோ மலைக்காட்டில் அவற்றின் குளிர்கால இருப்பிடத்தை அவருடைய உதவியாளர்கள் கண்டுபிடித்தனர். அவ்வூர் மக்களுக்கோ அது முன்பே தெரிந்ததுதான். அடுத்த ஆண்டு எர்க்கார்ட் அங்குச் சென்றபோது, மின்னசோட்டாவில் பள்ளி மாணவர்கள் ஒட்டியனுப்பிய சீட்டோடு ஒரு பூச்சி அவர் கண்ணெதிரே கிடந்தது. வாலஸ் கேட்ட ஊர்ச்சீட்டு இம்முறை உயிருள்ள சிறகிலேயே பயணம் செய்திருந்தது.

இலை சென்றால் பூச்சியும் செல்லும். இம்மன்னர் பூச்சி ஹவாய்த் தீவுகளிலும் குடியேறி, அங்கே மாலை கட்டுவதற்காக வளர்க்கப்படும் எருக்கில் முட்டையிடுகின்றது. நம் எலுமிச்சை அழகி, நாரத்தைக் குலத்து மரங்கள் உள்ள இடமாகப் பார்த்து, 2004-இல் கரிபியக் கடலின் டொமினிக்கன் குடியரசிலும் காணப்பட்டது.

சீட்டு இருக்க, ஊர் இல்லை

ஊரை எழுதக் கற்றுக்கொண்ட மனிதன், அவ்வூரைக் காக்கக் கற்றானா? சான் பிரான்சிஸ்கோ நகரின் மணற்குன்றுகளில் வாழ்ந்த ஒரு சிறு நீலப்பூச்சி, குன்றுகள் வீடுகளானபோது, 1940-களின் தொடக்கத்தில் உலகினின்றே மறைந்தது. அருங்காட்சியகங்களில் அதன் உடலும் உண்டு, ஊர்ச்சீட்டும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000 முதல் 2020 வரையான இருபதாண்டுகளில் வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 22 குறைந்தது என்று 2025-இல் அறிவியலார் அறிவித்தனர். அலெக்சாந்திரா அரசியின் காட்டை 1951-இல் எரிமலை ஒரு பங்கு அழித்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் மற்றொரு பங்கை விழுங்கின.

அன்பு மட்டும் போதாது என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. பிரிட்டனின் பெருநீலப் பூச்சி குறைவதைக் கண்ட ஆர்வலர்கள், பூச்சி பிடிப்போரைத் தடுக்க அதன் புல்வெளிக்கு வேலியிட்டனர். வேலியால் மாடும் ஆடும் நின்றன, புல் உயர்ந்தது, நிலம் குளிர்ந்தது. அப்பூச்சியின் புழு ஒருவகைச் செவ்வெறும்பின் புற்றுக்குள் வளர்வது. குளிர்ந்த நிலத்தில் அவ்வெறும்பு வாழாது. இவ்வுண்மையை ஜெரமி தாமஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-இல் பிரிட்டனில் அவ்வினம் அற்றுப்போயிற்று. பின்னர் மேய்ச்சலை மீண்டும் அமைத்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொணர்ந்து விட்டனர். இன்று அது மறுபடியும் அங்கே பறக்கின்றது. ஊர் என்பது வெறும் இடமன்று. இலையும் எறும்பும் ஆடும் சேர்ந்ததே ஊர் என்பதை இதனால் அறிகின்றோம்.

பேத்தியின் கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடிகின்றது. கறிவேப்பிலை அழகி இந்தியா முதல் சீனா, ஜப்பானின் தென்தீவுகள் வரை வாழ்வது. அது நம் ஊர்ப் பூச்சியும் ஆகும். இந்த ஊர்ப் பூச்சியும் ஆகும். நாம் ஊரிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் வைத்த இலையைத் தேடி, இந்த ஊரில் பிறந்த பூச்சி வந்து முட்டையிட்டது. அவ்வளவே.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடியிலோ முற்றத்திலோ கறிவேப்பிலை வளர்ப்போர், அதில் ஒரு கிளையைப் புழுவிற்கென விட்டுவைப்பாராக. பூச்சி வெளிவந்த நாளையும், தெருவின் பெயரையும், ஊரின் பெயரையும் நம் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஏட்டில் எழுதச் செய்வாராக. டி நிஸ்வில்லும் வாலஸும் செய்தது இவ்வளவே; இதனையே இடைவிடாது செய்தனர். அடுத்த ஆண்டு மலருக்குள் நம் சங்கத்துக் குடும்பங்கள் இந்நகரின் எத்தனைத் தெருக்களின் பெயர்களை அவ்வேட்டில் சேர்க்கின்றன என்று காண ஆவலாயிருக்கின்றேன். எங்கள் வீட்டு ஏட்டில் ஒரு வரி எழுதியாயிற்று. எழுத்து என் பேத்தியுடையது.